திறந்தவெளி நாடகம் முடியும்வரை பூங்காவில் விளக்கு எரிய அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
இலக்கியத் துறை இறுதியாண்டு மாணவ மாணவியர்,
கலை அறிவியல் கல்லூரி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: நகரப் பூங்காவில் மாணவர்கள் நடத்தும் திறந்தவெளி நாடகத்துக்கு இரவு 9.30 மணிவரை அனுமதியும் வெளிச்சமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வகுப்பிலிருந்து 42 பேர் நகரப் பூங்காவுக்கு நாடகம் பார்க்கப் போயிருந்தோம். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’. நடித்தவர்களும் எங்களைப் போன்ற கல்லூரி மாணவர்களே. கட்டணம் கிடையாது. புல்வெளியில் விரிப்புப் போட்டு உட்கார்ந்தோம். இரவு 8 மணி ஆனதும், பூங்கா மூடும் நேரம் என்று விளக்குகளை அணைத்துவிட்டார்கள். நாடகம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இந்த மனு.

அதில் என்ன போயிற்று என்பதைத் தங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போரில் இறந்த தன் சகோதரி மகனின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று ஆணையிடுகிறான் அரசன் கிரியோன். இறந்தவனின் தங்கை ஆன்டிகனி அந்த ஆணையை மீறி அண்ணனின் உடல்மேல் மண் தூவுகிறாள். அதன் பிறகு வரிசையாகச் சாவுகள். ஆனால் கிரேக்க நாடகத்தில் பொதுவாகச் சாவை மேடையில் நடித்துக் காட்ட மாட்டார்கள். தூதன் ஓடி வந்து நடந்ததைச் சொல்வான். ஆகவே முக்கால்வாசி நேரம் துயரத்தை நாம் காதால்தான் கேட்கிறோம். கடைசியில் கிரியோன் தன் மகனின் உடலோடு வந்து நிற்கும்போதுதான், அதுவரை கேட்டதெல்லாம் கண்ணெதிரே வருகிறது. கிரியோனாக நடித்த மாணவர் வெள்ளைத் துணி சுற்றிய உடலைத் தாங்கிக்கொண்டு இரண்டு அடி எடுத்து வைத்திருப்பார். இருட்டாகிவிட்டது. துணி காற்றில் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ‘தியேட்டர்’ என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் ‘பார்க்கும் இடம்’ என்றே பொருள். பார்க்க வேண்டிய நேரத்தில் எங்களால் பார்க்க முடியவில்லை.

விளக்கை அணைத்த காவலர் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. விதிப்படிதான் அவர் நடந்துகொண்டார். வாசல்வரை தன் கைவிளக்கைப் பிடித்து எங்களை அனுப்பிவைத்தவரும் அவரே. எங்கள் வேண்டுகோள் அந்த விதியைப் பற்றியது.

இதை உள்ளரங்கில் நடத்தலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியதாகக் கருதப்படும் இந்த நாடகம் வானத்தின் கீழ் நடிப்பதற்காகவே எழுதப்பட்டது. அது வெறும் பழைய வழக்கம் அல்ல என்பதை அன்று மாலை நாங்கள் அனுபவித்தோம். ஆன்டிகனி எப்படிப் பிடிபட்டாள் என்று சொல்ல வரும் காவலன், நடுப்பகலில் புழுதிக் காற்று எழுந்து கண்ணை மறைத்ததாகச் சொல்வான். அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மெய்யாகவே ஒரு காற்று வீசி, முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த தோழி இந்த நாடகத்தைத் தேர்வுக்காக மூன்று முறை படித்தவள். “இந்தப் புழுதி புத்தகத்தில் இருந்ததே எனக்குத் தெரியாது” என்றாள். நான்கு சுவருக்குள் இது நடக்காது ஐயா.

முன்னதாகவே தொடங்கலாமே என்பது அடுத்த கேள்வி. ஏதென்ஸ்காரர்கள் பகலில்தான் பார்த்தார்கள். எங்களுக்குப் பகலில் வகுப்பு. நடிப்பவர்களுக்கும் அதே நிலை. மாலை 6.30 மணிக்கு முன் திரை விலக்க வழியில்லை. நாடகமோ ஏறத்தாழ 1,350 அடிகள் கொண்டது. சுருக்காமல் நடித்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கிரீஸின் எபிடாரஸ் திறந்தவெளி அரங்கில் இன்றும் கோடைதோறும் இரவில்தான் இந்த நாடகங்களை நடத்துகிறார்கள்.

புல் கெட்டுப்போகிறது என்ற கவலை தங்கள் அலுவலகத்தில் இருப்பதாக அறிந்தோம். நியாயமான கவலை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நாடகத் தயாரிப்பாளர் ஜோசஃப் பாப் இலவசமாக ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடத்தியபோது, 1959இல் அந்நகரின் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் இதே புல்லைக் காட்டித்தான் கட்டணம் வசூலிக்கச் சொன்னார். வழக்கு நடந்தது, தீர்ப்பு பாப்புக்குச் சாதகமாக வந்தது. பிறகு அதே மோசஸே அங்கு அரங்கு கட்ட நகர நிதியைக் கேட்டார். 1962இல் திறக்கப்பட்ட அந்த டெலகோர்ட் அரங்கில் இலவச நாடகம் நடப்பது வழக்கமாகிவிட்டது. வழக்கைச் சொல்லித் தங்களை நெருக்குவது எங்கள் நோக்கம் இல்லை. புல்லைக் கருதி முதலில் மறுத்த அதிகாரியே பின்னர் அரங்குக்காக நின்றார் என்பது எங்களுக்கு நம்பிக்கை தருவதால் சொல்கிறோம். எங்கள் பங்குக்கு, நாற்காலி போடாமல் விரிப்பிலேயே உட்காருவோம். மறுநாள் காலை 20 பேர் வந்து குப்பை அகற்றி, மிதிபட்ட இடங்களுக்கு நீர் ஊற்றுவோம்.

ஆகவே, நாடகம் நடக்கும் நாட்களில் மட்டும் இரவு 9.30 மணிவரை பூங்காவைத் திறந்துவைக்கவும், நடிப்பிடத்திலும் வாசலுக்குச் செல்லும் பாதையிலும் விளக்குகள் எரியவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கழிப்பறையும் அதுவரை பூட்டாமல் இருக்க வேண்டும்; அன்று 7 மணிக்கே பூட்டிவிட்டதால் மாணவிகள் பலர் பாதியில் எழுந்து போனார்கள். ஒலிபெருக்கி எங்களுக்குத் தேவையில்லை. பூங்காவின் அறிவிப்பு ஒலிபெருக்கியை மட்டும் அந்த நேரத்தில் நிறுத்திவைத்தால் போதும்.

ஏதென்ஸ் அரசு, நாடகம் பார்க்கக் குடிமக்களுக்குப் பணம் கொடுக்கத் தியோரிகான் என்று ஒரு நிதியே வைத்திருந்தது. நாங்கள் பணம் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேர வெளிச்சம்தான் கேட்கிறோம்.

அதே குழு அடுத்த மாத இறுதியில் ‘ஆன்டிகனி’யை மீண்டும் நடத்தச் சம்மதித்திருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பாகத் தங்கள் பதில் கிடைத்தால், அன்று பாதியில் திரும்பிப் போன எல்லோருக்கும் சொல்லியனுப்ப முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இறுதியாண்டு மாணவ மாணவியர் 42 பேர்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)