கார்கியும் ஒரு தறிக்குடோனும்: வேதாந்த வகுப்பு நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வகுப்புக் குழுப் பெரியவர்களுக்கு, வணக்கமுங்க.

முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு என்னைத் தெரியும், பேர் தெரியாது. எப்போதாவது ஒரு வியாழக்கிழமை கடைசி வரிசையில் வந்து உட்காருகிறவள் நான்தான். மின்வாரியம் பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்துகிற நாளில்தான் எங்கள் தறி நிற்கும். அது வியாழக்கிழமையாகவும் அமைந்தால் நான் வருவேன். போன வருடம் முழுக்க 4 நாள்தான் அப்படி வாய்த்தது. என் ஆத்ம விசாரம் டிரான்ஸ்பார்மரில் தொங்குகிறது என்று வீட்டுக்காரர் கேலி பேசுவார்.

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஒரு ஊர். குடோனில் 12 தறி. கூலி நெசவு. பாவும் (நீளவாட்டில் நிற்கிற இழை) ஊடை நூலும் (குறுக்கே ஓடுகிற இழை) ஜவுளிக்காரர் கொடுப்பார், நாங்கள் வெளுக்காத காடாத்துணியாக நெய்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோம். பொண்ணு காலேஜில் படிக்கிறாள். மாமனார், மாமியார் கூடத்தான் இருக்கிறார்கள். இதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, எங்கள் பக்கம் பாதிப்பேர் கதை இதுதான்.

போன தடவை வகுப்பு முடிந்ததும் நான் ஒரு கேள்வி கேட்டேன். "தறி ஓட்டிக்கிட்டே நான் யாருன்னு விசாரிக்க முடியுங்களா சாமி?" என்று. பேச வந்திருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "அம்மணி, அதுக்கெல்லாம் மனசு அடங்கோணும். பொண்ணுக்குக் கல்யாணத்தப் பண்ணுங்க, கடமையெல்லாம் முடியட்டும், அறுவதுக்கு மேல வாங்க, சொல்றேன்" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தார் சுற்ற, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்ற, உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது.

அறுபதுக்கு மேல் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் மாமனாருக்கு உபந்யாசம் என்றால் உயிர். வயசுக்காலத்தில் தறியை மகன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து கேட்பேன் என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்தார், உட்கார்ந்தார். அதற்குள் தறிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. உங்கள் வகுப்பில் முன்வரிசையில், வேட்டியை மடித்துக்கொண்டு, பேசுகிறவர் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். எல்லோரும் கை தட்டும்போது தானும் தட்டுவார். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு என்னாயா சொன்னாங்க?" என்று மாமியாரிடம் கேட்பார். கடமை முடியட்டும் என்று சொல்லும்போது இவரையும் ஒரு தரம் பாருங்கள்.

சரி, நீங்கள் பாடம் நடத்துகிற புத்தகங்கள்தான் என்ன சொல்கின்றன? நான் சமஸ்கிருதம் படித்தவள் இல்லை. தமிழில் கிடைக்கிற உரைகளைப் படிக்கிறேன். படிக்க நேரமில்லாத நாளில் தார் சுற்றும்போது போனில் போட்டுக் கேட்கிறேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, பிருகதாரண்யக உபநிஷத்தில் கார்கி என்கிற பெண் வந்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஜனகர் சபை. கொம்பில் பொன் கட்டி 1000 பசு நிற்கிறது, பிரம்மத்தை நன்றாக அறிந்தவர் ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார் ராஜா. யாக்ஞவல்கியர் என்கிற முனிவர் எழுந்து, பசுக்களை ஓட்டிக்கொண்டு போப்பா என்று சீடனிடம் சொல்லிவிடுகிறார். மற்றவர்கள் குதிக்கிறார்கள், நீர்தான் எல்லாரையும்விட அறிந்தவரோ என்று. அறிந்தவருக்கு ஒரு கும்பிடு, எனக்கு வேண்டியது பசு என்கிறார் இவர். பால் சொசைட்டி வாசலில் நிற்கிற எங்கள் ஊர்க் கவுண்டர்கள் யாரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். அந்தச் சபையில் கார்கி எழுந்து கேட்கிறாள்: இதெல்லாம் தண்ணீரில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறதென்றால், தண்ணீர் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? காற்றில். காற்று எதில்? அப்படியே மேலே மேலே போகிறாள். இதற்கு மேல் கேட்காதே, தலை விழுந்துவிடும் என்கிறார் யாக்ஞவல்கியர். உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மறுபடி எழுந்து வருகிறாள். கடைசியில் ஆகாசமும் எதில் நெய்யப்பட்டிருக்கிறது என்று கேட்டு, பருமனும் இல்லாத, நுண்மையும் இல்லாத, குட்டையும் நெட்டையும் இல்லாத அட்சரத்தில், அதாவது அழியாத ஒன்றில், என்ற பதிலை வாங்கிவிட்டுத்தான் ஓய்கிறாள்.

ஊடும் பாவும் என்பது உரைகாரர் போட்ட அலங்காரமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். மூலத்திலேயே ஓதம், ப்ரோதம் என்று நெசவு வார்த்தைதான் இருக்கிறது. தறி ஓட்டுகிறவளுக்குப் புரியாது என்று நீங்கள் தள்ளி வைத்த விஷயத்தை, தறியைக் காட்டித்தான் கேட்டிருக்கிறாள்.

பாவு நிற்கிறது, ஊடை ஓடுகிறது, ஆகவே ஆத்மா பாவு, வாழ்க்கை ஊடை என்று நானே ஒரு கணக்குப் போட்டுவைத்தேன். கார்கி அதில் நிற்கவில்லை. பாவையும் சேர்த்துத்தான் அவள் கேட்கிறாள். பாவும் நூல்தான், ஊடையும் நூல்தான், நூலைப் பிரித்தால் பஞ்சு. துணி என்று தனியாக எதைத்தான் இத்தனை வருடம் மீட்டர் போட்டுக் கொடுத்தேன்? ராத்திரி 11 மணிக்கு இது புரிகிற மாதிரி இருக்கும். காலையில் கரண்ட் பில் வந்தால் இருக்காது.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஞானமும் கர்மமும் தோளோடு தோள் நின்று மோட்சம் தராது என்று சங்கரர் கீதை பாஷ்யத்தில் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறார். செய்கிறவன் நான் என்ற நினைப்பும், நான் எதையும் செய்கிறவன் இல்லை என்ற தெளிவும் ஒரே ஆளிடம் ஒட்டாது என்கிறார். யாக்ஞவல்கியரே கடைசியில் வீட்டை விட்டுப் போனவர்தான். போகும்போது சொத்தைப் பிரிக்கிறார். இந்த மண் முழுக்கப் பொருளாகக் கிடைத்தாலும் அதை வைத்துச் சாகாமல் இருக்க முடியுமா என்று மனைவி மைத்ரேயி கேட்கப்போய்தான் நமக்கு அந்தப் பெரிய உபதேசமே கிடைத்தது. இன்னொரு மனைவி காத்யாயனி. பொம்பளைகளுக்கு உண்டான அறிவுதான் அவளுக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த 1000 பசுவுக்கும் அதுவரை யார் தண்ணி காட்டினார்கள் என்று கேட்க எனக்கு வாய் வருகிறது.

ஆனால் சங்கரர் விடச் சொல்வது 'நான் செய்கிறேன்' என்கிற பிடியை. மனசு தெளியக் கர்மயோகம் வேண்டும் என்று அவரே சொல்கிறார். அர்ஜுனன் பிச்சை எடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்றுதான் ஆரம்பித்தான். கிருஷ்ணன் விட்டாரா? சாந்தோக்கிய உபநிஷத்தில் வருகிற உத்தாலகர், குருகுலத்தில் 12 வருடம் படித்துவிட்டுத் தலைகனத்தோடு 24 வயதில் வீடு திரும்பிய மகன் சுவேதகேதுவை, ராத்திரி தண்ணீரில் உப்புக்கல்லைப் போட்டுவைத்துக் காலையில் குடித்துப் பார்க்கச் சொன்னார். கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் முழுக்க இருக்கிற மாதிரிதான் அதுவும் என்று காட்டி, தத்துவமஸி, நீயே அது என்கிற மகாவாக்கியம் அப்பன் பிள்ளைக்கு வீட்டில் சொன்னதுதானே.

நம்ம பக்கத்துச் சங்கதிக்கே வருகிறேன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் ஊதியூர் மலை. அங்கே கொங்கணச் சித்தர் தவம் செய்தார் என்று சொல்லிக் கும்பிடுகிறோம். தன்மேல் எச்சமிட்ட கொக்கை முறைத்தே எரித்தவர், பிச்சை போடத் தாமதித்த வீட்டுக்கார அம்மாவையும் முறைத்தார். "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா" என்றாள் அந்த அம்மா. மகாபாரத வனபர்வத்தில் இதே கதை கௌசிகன் பேரில் இருக்கிறது. அங்கே அந்த அம்மா அவனை மிதிலையில் கறிக்கடை வைத்திருந்தவரிடம் பாடம் கேட்க அனுப்புகிறாள். மேடையில் இந்தக் கதையைப் புருஷனுக்குச் சேவை செய்கிற பெருமைக்காகத்தான் சொல்கிறீர்கள். காட்டில் எரிந்த கொக்கு, அடுப்படியில் நின்றவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் நின்று பேசுவதில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பெரிதாக நினைக்க வேண்டாம். தறி ஓடும்போது பேச்சு எடுபடாது, கைச்சாடைதான். இழை அறுந்தால் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும். ஒரு ராத்திரி அப்படி ஒரு தறியின் சத்தம் மாறியது. போய்ப் பார்த்தால் இழை அறுந்து பக்கத்து இழைகளில் சிக்கி, துணியில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுது. கூலியில் பிடிப்பார்கள். ஓட்டுகிற பையன் செல்போனில் இருக்கிறான். வாய் நிறைய வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, எந்த நினைப்பு எழுந்தாலும் அது யாருக்கு என்று கேள் என்று ரமணர் சொன்னது ஞாபகம் வந்தது. இந்தக் கோபம் யாருக்கு? எனக்கு. அந்த நான் யார்? பதில் வரவில்லை. வராத இடத்தில் தறிச் சத்தம் மட்டும் இருந்தது. ஊடையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா ரெண்டு தரம் போய் வருகிற நேரம் இருக்கும். அப்புறம் பையனைத் திட்டத்தான் செய்தேன், ஆனால் அவன் அம்மாவை இழுக்கவில்லை. அறுந்த இழையை முடிந்து, தறியைப் போட்டுவிட்டு வந்தேன்.

ரமணரிடம் 'நான் யார்' என்கிற அந்தக் கேள்விகளை 1902 வாக்கில் கொண்டுபோன சிவப்பிரகாசம் பிள்ளை, ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அவருக்கு ரிடையர் ஆகிவிட்டு வா என்ற பதில் கிடைக்கவில்லை. பதில் சொன்ன ரமணரும் பிற்காலத்தில் விடியற்காலம் ஆசிரமச் சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கினார்.

ஆகவே கேட்கிறேன். வகுப்பை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். அன்றைக்குத் தறிக்காரர்களும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களும் வருவார்கள். முடியாது என்றால் ஒரு நாள் எங்கள் குடோனுக்கு வாருங்கள், 12 தறியையும் ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கிறேன். எத்தனை மீட்டர் போகும் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை. கார்கி கேட்ட கேள்விகளை நடத்துங்கள். எங்களுக்குப் பாவு பிணைக்க வருகிற அக்கா, சாம்பலைத் தொட்டுத் தொட்டு, ஆயிரக்கணக்கான பழைய இழைகளோடு புது இழைகளை ஒவ்வொன்றாக விரலில் திரித்துச் சேர்ப்பார். ஒரு பாவு முடியும் வரை தலை நிமிராது. அவரை முன்னால் உட்கார வைத்து, மனசு அடங்குவது என்றால் என்னவென்று நீங்கள் சொல்லுங்கள், அவரும் சொல்லட்டும்.

கேள்வி கேட்கிறவரைப் பார்த்து மண்டபம் சிரித்தால், தயவுசெய்து நீங்களாவது சிரிக்காதீர்கள்.

அடுத்த மின்தடை எந்த நாள் என்று இன்னும் அறிவிக்கவில்லை. வியாழனாக இருந்தால் நான் வந்துவிடுவேன், ஞாயிறு என்று மாற்றினால் வீட்டுக்காரரையும் கூட்டி வருவேன். எப்படியானாலும் மாமனாருக்கு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்காரி