உருவப்பட ஓவியப் பயிற்சி: தரம் 6, 7 பெற்றோருக்கான அறிவித்தல்

அன்பார்ந்த பெற்றோருக்கு வணக்கம்.

நமது பிள்ளைகள் தம் முகத்தைத் தாமே வரையப் பழகும் பயிற்சி, வரும் சனிக்கிழமை தொடங்கி நான்கு சனிக்கிழமைகளில், காலை 9.30 முதல் 11.30 வரை, வெள்ளவத்தையில் நாம் வழமையாகக் கூடும் மண்டபத்தில் நடைபெறும்.

சென்ற தவணை தரம் 7 மாணவி ஒருத்தி, தன் கன்னத்து மச்சத்தை வரைவதும் அழிப்பதுமாக இருந்ததில் தாளே கிழிந்துவிட்டது. அடுத்த தாளில் அதை மறைக்காமல் அழுத்தி வரைந்து, தானாகவே எழுந்து எல்லோருக்கும் காட்டினாள். அந்தத் துணிவு ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வேண்டும் என்பதற்காகவே இதனை ஒழுங்குசெய்துள்ளோம்.

1. கைக்கண்ணாடி, ஏ3 தாள்கள் 5, 2பி, 4பி பென்சில்கள் ஆகியவற்றைக் கொடுத்துவிடவும்.
2. கண்கள் உச்சிக்கும் நாடிக்கும் ஏறத்தாழ நடுவில் அமைந்திருக்க, பிள்ளைகள் பெரும்பாலும் அவற்றை நெற்றிப் பக்கம் ஏற்றி வரைவார்கள். வீட்டில் நீங்கள் திருத்த வேண்டாம். கண்ணாடியில் அளந்து தாமே கண்டுபிடிக்கட்டும்.
3. நிறம், மூக்கு, பல் பற்றிய கேலியும் பிற பிள்ளைகளுடனான ஒப்பீடும் அறவே வேண்டாம். வீட்டுக்கு வரும் உறவினரிடமும் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.
4. மூன்றாம் வாரத்துக்கு அம்மம்மா, அப்பப்பா போன்றோரின் பழைய படமொன்றின் பிரதி தேவை. யாருடைய சாடை தம்மிடம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அன்று தேடி வரைவார்கள்.
5. இயலுமானவர்கள், 1943இல் கொழும்பில் உருவான நவீன ஓவியர் குழுவான ‘43 குழு’வைச் சேர்ந்த உருவப்பட ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த, கொழும்பு 7 பார்ன்ஸ் பிளேஸிலுள்ள வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்; அது இன்று ஓவியக் காட்சியகமாக உள்ளது.

பங்குபற்றும் பிள்ளையின் பெயரையும் தரத்தையும் புதன்கிழமை இரவு 8 மணிக்குள் இங்கு பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஏற்பாட்டுக் குழு