பேலன்ஸ் செய்ததாகச் சொல்லி விற்ற லித்தியம் செல்கள் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 280 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள செல்கள் நான்கு, தவறான கையேடு, குறைபாடுள்ள ஒரு செல்

வணக்கம்.

உங்களிடம் வாங்கிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களின் பெட்டியில் ‘மேட்ச் செய்தது, பேலன்ஸ் செய்தது, நேரடியாகப் பயன்படுத்தலாம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மேட்ச் என்றால் செல்களின் கொள்ளளவு ஒத்திருப்பது, பேலன்ஸ் என்றால் எல்லாச் செல்களிலும் சார்ஜ் ஒரே அளவில் இருப்பது. இந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை.

கையேட்டில் உள்ளபடியே நான்கையும் தொடராக இணைத்து, பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துப் பாதுகாக்கும் மின்சுற்று) மாட்டி, 14.6 வோல்ட் சார்ஜரில் போட்டேன். 13.7 வோல்ட்டிலேயே பிஎம்எஸ் சார்ஜைத் துண்டித்துவிட்டது. பிஎம்எஸ்ஸின் செயலியில் பார்த்தால் மூன்றாவது செல் மட்டும் 3.65 வோல்ட், அதாவது முழு சார்ஜின் எல்லை. மற்ற மூன்றும் 3.35-ஐத் தாண்டவில்லை. மறுபடி ஓடவிட்டுக் கவனித்தேன். மூன்றாவது செல் 3.45, 3.52, 3.6 என்று விறுவிறுவென ஏறுகிறது. மற்றவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன.

இதைச் சொன்னதற்கு உங்கள் சேவைப் பிரிவு தந்த பதில்: ‘அனுப்பும்போது நான்கும் 3.30 வோல்ட் காட்டின, ஆகவே பேலன்ஸ் ஆனவைதான்.’ பேட்டரி விற்கிறவர்கள் இப்படி எழுதலாமா? இந்த வகை செல்லில் சார்ஜ் நடுவாந்தரத்தில் இருக்கும்போது வோல்டேஜ் ஏறக்குறையத் தட்டையாகத்தான் இருக்கும். ஒரே 3.30-ஐக் காட்டும் இரண்டு செல்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கும் மேல் சார்ஜ் வித்தியாசம் இருக்கலாம். உங்களின் அடுத்த யோசனை, நான்கையும் இணையாகப் போட்டு ஓர் இரவு விடுவது. வோல்டேஜ் ஒன்றாக இருக்கும்போது ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் எப்படிப் போகும்?

சரி என்று நானே சோதித்தேன். பவர் சப்ளையை முதலில் 3.65 வோல்ட்டில் நிறுத்தி, அதற்கப்புறம் வயரை இணைத்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்தேன். மூன்றாவது செல் ஏறக்குறைய எதையுமே வாங்கவில்லை. மற்றவை 31, 27, 34 ஆம்பியர்-அவர் வாங்கின. ‘பிஎம்எஸ் தானே சரிசெய்துகொள்ளும்’ என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கொடுத்த பிஎம்எஸ்ஸின் பேலன்ஸ் கரண்ட், அதாவது கூடுதல் சார்ஜை வடிக்கும் கரண்ட், 50 மில்லி ஆம்பியர். 30 ஆம்பியர்-அவரை அதில் வடிக்க 600 மணி நேரம், அதாவது இடைவிடாமல் 25 நாள். அதுவும் செல் உச்சியை நெருங்கும்போதுதான் அந்த பேலன்ஸ் வேலையே தொடங்கும்.

இதையெல்லாம்கூட விடலாம். விட முடியாதது கடைசி மின்னஞ்சல்: ‘செல் கட்-ஆஃப் அளவை 3.9 வோல்ட்டுக்கு உயர்த்திவிட்டு சார்ஜைத் தொடருங்கள்.’ ஏற்கனவே நிரம்பிய செல்லுக்குள் மேலும் கரண்டைத் திணித்தால் எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு உண்டாகும், செல் உப்பும். அதைத் தடுப்பதற்கென்றே இருக்கும் கட்-ஆஃப் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்கிறீர்கள். விவரம் தெரியாத ஒருவர் இதை நம்பிச் செய்திருந்தால் யார் பொறுப்பு?

நான்கையும் இணையாக்கி, அதே 3.65 வோல்ட்டில் கரண்ட் ஏறக்குறைய அடங்கும்வரை விட்டு, பிறகு தொடராக மாற்றினேன். இப்போது பிஎம்எஸ் குறுக்கிடாமல் பேக் முழுதாக சார்ஜ் ஆகிறது. கையேட்டில் ஒரு பத்தியில் அடங்கிவிடும் வேலை இது. பளபளப்பான தாளில் லோகோவுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியவர்களுக்கு அதற்கு இடமில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 50 ஆம்பியரில் டிஸ்சார்ஜ் செய்தபோது 251 ஆம்பியர்-அவரிலேயே இரண்டாவது செல் 2.5 வோல்ட்டுக்கு, அதாவது கீழ் எல்லைக்கு, இறங்கிவிட்டது. மற்ற மூன்றும் அப்போது 3.1-க்கு மேல். பேலன்ஸ் தவறினால் சரிசெய்யலாம். கொள்ளளவே குறைந்த செல்லை என்ன செய்தாலும் தேற்ற முடியாது. தொடர் இணைப்பில் முழு பேக்கும் அந்த நோஞ்சான் செல்லின் அளவுக்குத்தான் வேலை செய்யும்.

ஆகவே இரண்டாவது செல்லை உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். மாற்றுச் செல்லும் மீதி மூன்றும் ஒத்துப்போகின்றன என்பதற்கு, செல்லின் கியூஆர் குறியீட்டோடு கொள்ளளவும் உள்தடையும் பதிவான சோதனை அறிக்கை வேண்டும். வோல்டேஜ் மட்டும் போட்ட தாளை அனுப்பாதீர்கள். கையேட்டையும் திருத்துங்கள். 3.9 வோல்ட் ஆலோசனையை வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் இன்றே அவர்களுக்கு மறுப்பு எழுதுங்கள்.

சோதனையின்போது எடுத்த படங்களையும் உங்கள் மின்னஞ்சல்களின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் வேண்டாம், பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்