டியூட்டி போடேக்க சாப்பாட்டையும் யோசியுங்கோ

கொழும்புல இருந்து அரச ஊழியருக்கு சுற்றறிக்கை எழுதுற பெரியவங்களுக்கு,

வணக்கம். திருகோணமலை மாவட்டத்துல பீல்ட் வேலை செய்யுற ஆக்கள்ல ஒருத்தியா இத எழுதுறன். கேக்கிறது ஒண்டே ஒண்டுதான், தொடர் டியூட்டியிலயும் தூர இடத்திலயும் நிக்கிறவங்களுக்கு சாப்பாட்டுப் படி எண்டு தனியா ஒண்டு தாங்கோ.

இப்ப இருக்கிற சப்சிஸ்டன்ஸ், அதாவது வெளிய போய் நிக்கிறதுக்குத் தாற படி, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையில 14ஆம் அத்தியாயம், பிரயாணச் செலவுக்குள்ள வருது. வேலைத்தலத்த விட்டு எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு நேரம் நிண்டது எண்டதுதான் கணக்கு. தன்ர பிரிவுக்குள்ளயே ராப்பகலா நிக்கிற ஜீ.எஸ் (கிராம சேவகர்) எங்க போய் கிளைம் பண்ணுறது?

2025 நவம்பர் கடைசியில டித்வா புயலோட மாவிலாறு கட்டு உடைஞ்ச நேரத்த யோசிச்சுப் பாருங்கோ. மூதூர், சேருவில, வெருகல் பக்கம் சனம் வெளிக்கிட்டு முகாமுக்கு வருது, ஜீ.எஸ், டீ.ஓ (அபிவிருத்தி உத்தியோகத்தர்), மிட்வைப் எல்லாரும் அங்கதான். சமைச்ச சாப்பாடு வந்தா தலை எண்ணி, குடும்பத்துக்கு எத்தின பார்சல் எண்டு பதிஞ்சு, சைன் வாங்கிக் குடுக்கிறது நாங்கதான், ஆனா அந்த லிஸ்ட் பாதிக்கப்பட்ட ஆக்களுக்கு, எங்கட பேர் அதில வராது, வரவும் கூடாது. மிஞ்சின பார்சல எடுத்தா நாளைக்கு ஓடிட்ல கேள்வி வருமெண்டு பயந்து பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும் சாப்பிட்டுட்டு விடிய விடிய நிண்ட பிள்ளையள எனக்குத் தெரியும், அதில ஒருத்தி கைக்குழந்தைக்காரி, பால் குடுக்கிற உடம்பு. இத நினைச்சா இப்பவும் மனம் கொதிக்குது.

வெள்ளம் மட்டுமில்ல. கோமரங்கடவல, பதவிசிறிபுர, புல்மோட்டைப் பக்கம் போறவங்களுக்கு பஸ்ஸ தவறவிட்டா ராத்தங்கல்தான். யானை ஊருக்குள்ள வந்தா வனசீவராசி ஆக்கள் காட்டுக்கரையில நிக்கினம், குளத்துக் கதவு பாக்கிறவர் மழை விடுற வரைக்கும் அசைய ஏலாது. அந்த நேரம் எந்தச் சோத்துக்கடை திறந்திருக்கும்?

2025 பட்ஜெட்டுல ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்த 24,250ல இருந்து 40,000 ஆக்கினது நல்ல விஷயம், நன்றி. ஆனா அது நாலேகாலுக்கு வீட்ட போறவருக்கும் அதே சம்பளம்தானே. படையாக்களுக்கு ரேஷன் இருக்கிற மாதிரி, அவங்களோட ஒரே வள்ளத்துல போற சிவில் ஊழியருக்கும் ஒரு வழி இருக்கவேணும்தானே.

தூரத்த விடுங்கோ, நேரத்த பாருங்கோ. வழமையான டியூட்டி முடிஞ்சும் தொடர்ந்து நிண்டா ஒரு நேரச் சாப்பாடு, ராவும் நிண்டா அதுக்கேத்த மாதிரி, பியோனுக்கும் அதிகாரிக்கும் ஒரே தொகை. லொக் புக்கில டீ.எஸ் (பிரதேச செயலாளர்) சைன் வைச்சா போதும் எண்டு ஆக்குங்கோ, ஏனெண்டா பிரயாண வவுச்சர் போட்டா "வோட் முடிஞ்சுது", அதாவது ஒதுக்கின காசு முடிஞ்சுது எண்டு மாசக்கணக்கா கிடக்குது. கடைவிலை ஏறேக்க தொகையையும் திருத்துங்கோ. இந்த சுற்றறிக்கை மாரி மழைக்கு முன்னம், ஒக்டோபருக்குள்ள எங்கட கைக்கு வரவேணும்.

இப்படிக்கு,
திருகோணமலையில இருந்து ஒரு வெளிக்கள ஊழியர்