லைப்சிக்கிலிருந்து அப்பாவுக்கு

லைப்சிக்,
30.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கர்த்தருடைய கிருபையால நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம். அப்பாவுக்கு முட்டு வேதனை குறையணும்னு தினமும் ஜெபத்துல வைக்கிறோம். அங்க மழை விட்டுதா? கிணத்துல தண்ணி ஏறியிருக்கும்.

புது வீட்டுல சாமானெல்லாம் ஒதுங்கின பிறகு விவரமா எழுதணும்னு இருந்தேன். போன்ல சுத்திக் காட்டினப்ப, "செவரும் ஜன்னலும் தெரியுது, என்ன மரம்னு தெரியல்லியே மக்களே"ன்னு அப்பா கேட்டிய. அதனால இதுல மரத்தைப் பத்தித்தான் நிறைய வரும். அம்மாவுக்கு அடுக்களையும் உண்டு.

வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. 1900-ஐ ஒட்டிக் கட்டின கட்டடம். அந்தக் காலத்து வீடுகள் இந்த ஊர்ல தெருத்தெருவா நிக்குது. மச்சு 3.40 மீட்டர், நம்ம கணக்குல 11 அடிக்கு மேல. மூணு அறைன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு. அடுக்களையையும் குளிமுறியையும் இங்க அறைக் கணக்குல சேக்க மாட்டாவ. ஜன்னல் எல்லாம் ரெட்டை ஜன்னல். வெளியே ஒரு ஜோடிக் கதவு, ஒரு சாண் இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு ஜோடி. நடுவுல நிக்கிற காத்துதான் குளிரைத் தடுக்குது. சட்டம் முழுக்க மரம், கொண்டி பித்தளை. இவ்வளவு காலம் ஆகியும் ஒரு மூட்டு விலகல்லை. நீங்க வந்தா அதைத் தடவிப் பாக்காம நகர மாட்டிய.

தரையைத்தான் உங்களுக்கு முக்கியமா சொல்லணும். சிமெண்டு இல்லை, டைல்ஸ் இல்லை, அத்தனையும் பலகை. பைன் வகை மரம். ஒவ்வொரு பலகையும் அஞ்சாறு விரல் அகலம், அறையோட இந்தத் தலையில இருந்து அந்தத் தலை வரைக்கும் ஒட்டு இல்லாம ஒரே நீளம். கூடத்து மூலையில ஒரு சதுரம் மட்டும் வேற நிறம். அந்த இடத்துல முழுப் பலகைகளை அறுத்து நிறுத்தி, குட்டைத் துண்டுகளை வச்சு அடைச்சிருக்கு. ஏன்னு கீழ் வீட்டு அம்மாட்ட கேட்டேன். அங்க முன்னால ஆள் உயரத்துக்கு ஓடு பதிச்ச கரி அடுப்பு நின்னுதாம், வீட்டைச் சூடாக்க. கிழக்கு ஜெர்மனி தனி நாடா இருந்த காலத்துல பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை நிலவறையில இருந்து வாளி வாளியா மாடிக்குச் சுமப்பாவளாம். ரெண்டு ஜெர்மனியும் 1990-ல ஒண்ணான பிறகு கட்டடத்தைப் புதுப்பிச்சு வெந்நீர்க் குழாய் போட்டிருக்காவ. அடுப்பை எடுத்த இடம்தான் அந்தச் சதுரம்.

உங்க மருமகன் அது மேல ஒரு கம்பளம் விரிக்கலாம்னு சொன்னாவ. நான் வேண்டாம்னுட்டேன். யாரோ ஒரு ஆசாரி புதுத் துண்டைப் பழைய பலகையோட மட்டத்துக்கு இழைச்சு, ஒரு நூல் ஏறாம இறங்காம சேத்திருக்காரு. அதை எதுக்கு மறைக்கணும்? சின்ன வயசுல பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போய், தாய்க்கொட்டாரத்துல ஒத்தைப் பலாமரத்துல செதுக்கின தூணுக்கு முன்னால நிறுத்தி, "இதைப் பாத்துக்கோ"ன்னு சொன்னவரு நீங்க. வேலை தெரிஞ்ச கை எங்க இருந்தாலும் எனக்குக் கண்ணு அங்கதான் போகுது.

தரை பூராவும் லின்சீட் ஆயில் தேச்சோம். பிள்ளை தூங்கின பிறகு ரெண்டு பேருமா முட்டுக்குத்தி, ஒரு அறையா ஒரு அறையா. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டா சூடேறித் தானா தீப்பிடிக்கும்னு டப்பாவுலயே எழுதியிருந்தது. ஒவ்வொண்ணா விரிச்சுக் காயப்போட்டோம். எண்ணெய் ஊறினதும் மரத்தோட ரேகை எழும்பி வந்தது. அந்த மணம் உங்க பட்டறை மணம்தான். அன்னைக்கு உங்களை ரொம்பத் தேடிச்சு.

இனி அம்மாவுக்கு. இங்க வாடகைக்கு வீடு எடுத்தா பல இடத்துல அடுக்களையே இருக்காது. செவருல தண்ணிக் குழாய் முடியும், அடுப்புக்கு ஒரு வயர் துருத்திட்டு நிக்கும், அவ்வளவுதான். தொட்டி, அலமாரி, அடுப்பு, மேடை எல்லாம் குடிவாறவதான் வாங்கிப் போடணும். காலி பண்ணும்போது கழட்டிக் கொண்டு போகணும். விளக்கும் அப்படித்தான், மச்சுல வயர் மட்டும் தொங்கும். அலமாரிகளை ஊர் மாறிப் போன ஒரு குடும்பத்துக்கிட்ட பழசா வாங்கினோம். மேடைப் பலகை மட்டும் புதுசு, பீச் மரம். கெட்டி மரம்ப்பா. லேசா செவந்த நிறம், பொடிப் பொடியா ரேகை. சாமான் கடையிலயே நம்ம சொல்ற அளவுக்கு மில்லிமீட்டர் பிசகாம அறுத்துத் தாறாவ. தொட்டிக்குத் துவாரம் உங்க மருமகனே வெட்டினாவ. வெட்டுவாயில எண்ணெய் ஏத்தாம தொட்டியை வைக்கக் கூடாதுன்னு நீங்க போன்ல சொன்னதை அப்படியே செஞ்சாவ.

மேடை உயரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வச்சிருக்கோம். இங்க உள்ளவியளுக்கு உள்ள உயரம் எனக்கே கூடுதல். அம்மா வந்து நின்னா தோளைத் தூக்காம காய் அரியணும், அந்தக் கணக்குல வச்சது.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஐசன்பான் தெருன்னு ஒரு தெரு, அரபிக் கடைகளும் ஆசியக் கடைகளும் வரிசையா உண்டு. மரச்சீனிக் கிழங்கு தோலுரிச்சு உறையவச்சது கிடைக்குது. தேங்காப்பூவும் அப்படித்தான். மீன் குழம்பு வைக்கிற அன்னைக்கு ரெண்டு ஜன்னலையும் விரியத் திறந்து போடுவேன். மணத்துக்காக மட்டும் இல்லை. குளிர்காலத்துல காலையும் சாயங்காலமும் அஞ்சு பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் திறந்து காத்து மாத்தியே ஆகணும். இல்லைன்னா மூச்சுலயும் சமையல்லயும் வாற ஈரம் குளிர்ந்த செவருல படிஞ்சு பூஞ்சை பிடிச்சிடும். வெளியே பனியா இருக்கும்போது ஜன்னலைத் திறக்க முதல்ல மனசு வராது. இப்பப் பழகிட்டு.

மட்டிப் பழம் மட்டும் எங்கயும் இல்லை. பிள்ளைக்கு அந்த ருசி மறந்திடுமோன்னு இருக்கு.

"வாடகை வீட்டுக்கு எதுக்கு மக்களே இவ்வளவு செலவு?"ன்னு அப்பா கேட்டதுக்கு இப்பப் பதில் சொல்லுறேன். நம்ம ஊர்ல 11 மாச ஒப்பந்தம். வீட்டுக்காரர் நினைச்சா அடுத்த வருஷம் வேற வீடு தேடணும். அந்தப் பயத்துல செவருல ஒரு ஆணி அடிக்க மாட்டோம். இங்க எங்க ஒப்பந்தத்துக்கு முடிவு தேதியே கிடையாது. வாடகையை ஒழுங்காக் குடுத்தா, தக்க காரணம் இல்லாம யாரையும் எழும்பச் சொல்ல முடியாது. வீட்டுச் சொந்தக்காரருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ குடியிருக்க வேணும்ங்கிற மாதிரி காரணம் இருந்தாலும் குறைஞ்சது 3 மாசம் தவணை, 8 வருஷத்துக்கு மேல இருந்தவியளுக்கு 9 மாசம். அட்வான்ஸ் தொகையும் 3 மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு சட்டம். இந்த நாட்டுல பாதிப் பேரு வாடகை வீட்டுலதான் இருக்காவ. கீழ் வீட்டு அம்மா கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இதே வீடு. பிள்ளைகளை வளத்ததும் இங்க, கணவரை அடக்கம் பண்ண எடுத்துட்டுப் போனதும் இங்க இருந்துதான். அவியட்ட போய் வாடகை வீடுதானேன்னு சொல்ல முடியுமாப்பா? நாங்களும் இங்க இருந்து வாழத்தான் போறோம். பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டு வாழ எனக்கு இஷ்டமில்லை.

அந்த அம்மா நாங்க குடிவந்த அன்னைக்கு ஒரு முழு ரொட்டியும், சின்னக் கிண்ணத்துல உப்பும் கொண்டு வந்து தந்தாவ. புது வீட்டுக்கு அதுதான் இங்க முறை. நாங்க பால் காய்ச்சி ஒரு டம்ளர் அவியளுக்குக் குடுத்தோம். ஏலக்கா மணத்தைக் கேட்டு, "இது எங்க கிறிஸ்துமஸ் மணமாச்சே"ன்னு சொன்னாவ. கிறிஸ்துமஸ் பலகாரத்துல இங்க ஏலக்கா சேப்பாவளாம். 1989 அக்டோபர் 9-ந் தேதி இந்த ஊர் நிக்கோலாய் ஆலயத்துல ஜெபம் முடிஞ்சு, கிழக்கு ஜெர்மனி அரசுக்கு எதிரா எழுபதாயிரம் பேர் அமைதியா ஊர்வலம் போன அந்த ராத்திரி அவியளும் தெருவுல நின்னிருக்காவ. சுடுவாங்களோன்னு பயந்துக்கிட்டேதான் நடந்தோம்னாவ. அடுத்த மாசம் பெர்லின் சுவர் திறந்துட்டு.

செவர் பத்திச் சொல்ல விட்டுட்டேன். பூராவும் மரச்சிராய் கலந்த தாள் ஒட்டி, அது மேல வெள்ளை அடிச்சிருக்கு. தொட்டா சொரசொரன்னு இருக்கும். குடியிருக்கிற வரைக்கும் எந்த நிறமும் அடிக்கலாம், போகும்போது வெளிர் நிறத்துக்கு மாத்திக் குடுத்தாப் போதும். பிள்ளை அறையில ஒரு செவருக்கு மட்டும் பச்சை அடிச்சோம். நாத்து நட்டு ஒரு மாசம் ஆன தோவாளை வயல் பச்சை. கடையில அந்தப் பச்சை கிடைக்க, பழைய போட்டோவைக் காட்டி மெஷின்ல கலந்து வாங்கினோம். ஞாயித்துக்கிழமை டிரில் போடக் கூடாது, ராத்திரி 10 மணிக்கு மேலயும் சத்தம் கூடாது. அதனால செவர் வேலையெல்லாம் சனிக்கிழமைகள்ல.

இன்னைக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலத்து முதல் ஞாயிறு. நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்க ஆரம்பிச்சிருக்கும். இங்கயும் அப்படித்தாம்மா! இந்த மாநிலத்துல ஹெர்ன்ஹூட்னு ஒரு ஊரு. அங்க செய்யுற நட்சத்திரம் 25 முனை உள்ளது, 17 முனை நாலு பக்கம், 8 முனை மூணு பக்கம். எல்லாத்தையும் நாமளே பொருத்தணும். நேத்து ராத்திரி மூணு பேருமா இருந்து பொருத்தி, கூடத்து ஜன்னல்ல மாட்டினோம். நாலு மணிக்கே இருட்டிடுது. தெருவுல இறங்கிப் பாத்தா ஜன்னலுக்கு ஜன்னல் நட்சத்திரம். பிள்ளை ஒவ்வொண்ணையும் காட்டி "மயிலாடி, மயிலாடி"ன்னு நம்ம ஊர் பேரைச் சொல்லிச் சத்தம் போட்டா.

மயிலாடின்னதும் ஒண்ணு சொல்லணும். ரயில்ல முக்கால் மணி நேரத்துக்குள்ள ஹாலேன்னு ஒரு ஊர். 1806-ல நம்ம பக்கம் வந்து, மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் அழைப்புல அங்க ஊழியம் தொடங்கி, 1809-ல ஆலயம் கட்டினாரே ரிங்கல்தௌபே மிஷனரி, அவரு படிச்சது அந்த ஊர்லதான். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அங்க படிச்சவருதான். அங்க பிராங்கேங்கிற போதகர் நடத்தின பள்ளி வளாகம் அப்படியே இருக்கு. ஆறு மாடிக்கு மரச்சட்டத்தாலயே எழுப்பின நீளக் கட்டடம், ஐரோப்பாவுல பெரிய மரச்சட்டக் கட்டடங்கள்ல ஒண்ணு. அங்க உள்ள காப்பகத்துல தமிழ் ஓலைச்சுவடிகளைப் பத்திரமா வச்சிருக்காவ. அந்த முற்றத்துல நின்னப்ப, நம்ம கோயில்ல சின்னப் பிள்ளையா உக்காந்து கேட்ட பேரெல்லாம் வந்து நின்னுது. எனக்கு இந்த ஊரு அந்நியமே இல்லைன்னு தோணிச்சு.

இன்னொரு இடமும் போனோம், ஸைஃபன். கூட வேலை பாக்கிற நர்ஸ் அக்கா காருல கூட்டிட்டுப் போனாவ. மலை ஊரு, சுரங்கம் நின்னு போன பிறகு மர வேலையால பிழைக்கிற ஊரு. அங்க ஒரு கடைசல்காரரு ஈர மரத்தை வட்டமா வச்சு, உளியால வளையமாக் கடையுறாரு. பாத்தா வெறும் வளையம், மேடும் பள்ளமுமா. கடைஞ்சு முடிச்சு அதை மத்தியில இருந்து பிளந்தாரு. வெட்டுவாயில குதிரை நிக்குது! வளையத்தைத் துண்டு துண்டாப் பிளந்தா அத்தனையும் குதிரை. கடையும்போது அவருக்கு உருவமே தெரியாது, எல்லாம் மனக்கணக்கு. நான் அப்படியே நின்னுட்டேன். எங்க அப்பா ஆசாரின்னு சொன்னேன். ஒரு பிளக்காத வளையத் துண்டைத் தாள்ல சுத்தி உங்களுக்குன்னு தந்தாரு. அடுத்து ஊருக்கு வாறவிய கையில குடுத்தனுப்புறேன்.

இனி ஒரு காரியம் கேக்கணும். கூடத்து ஜன்னலுக்குக் கீழ ஒரு பெஞ்சு போடணும்னு இருக்கோம். பிள்ளை உக்காந்து தெருவைப் பாக்க, உள்ளே கம்பளி வைக்க. செவருக்குச் செவர் 141 சென்டிமீட்டர். உங்க 72 சென்டிமீட்டர் கோலுக்கு ரெண்டு கோல், ஒரு விரல் குறைவு. ஜன்னல் திண்டு தரையில இருந்து 66. கீழ சூடாக்குற குழாய் ஓடுது, அதை மூடக் கூடாது, முன்பக்கம் காத்து போக வழி விடணும். சட்டத்தை எத்தனை இடத்துல நிறுத்தணும், பலகை எவ்வளவு கனம், இந்த வறண்ட சூட்டுல மரம் சுருங்குறதுக்கு எவ்வளவு இடம் விடணும்னு படம் வரைஞ்சு தம்பி மூலமா அனுப்புங்க. நீங்க வரைஞ்சு தந்தாத்தான் உங்க மருமகன் வாளைக் கையில எடுப்பாவளாம். மூடிக்கு ஓரம் உருட்டணும், பிள்ளை முட்டிக்கும்.

அம்மா, மீன் மசாலா தீரப்போகுது. மல்லியும் மிளகும் எத்தனைக்கு எத்தனைன்னு அதே தாள்ல எழுதுங்க. சித்திக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் சுகம் விசாரிச்சதாச் சொல்லணும்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: பிள்ளை பாட்டாவுக்கு ஒரு படம் வரைஞ்சு தந்திருக்கா. பச்சை அவ அறை. நடுவுல உள்ள பழுப்புச் சதுரம், அடுப்பு நின்ன இடம்.