மின்கலத்தின் உறையும் உள்ளீடும்

ஆசிரியர் அவர்கட்கு,

இலத்திரனியல் சிகரெட் மின்கலங்கள் தீப்பற்றும் அபாயம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தி, பாவனையாளரின் கவனயீனத்தையே பெரிதும் குறைகூறியது. உறையில் அச்சிடப்படும் பொய்யான அளவுகளே முதற் குற்றவாளி என்பது என் கருத்து. இந்தச் சிகரெட்டில் சூடேறும் 0.2 ஓம் தடையுள்ள சுருள், முழுமையாக மின்னேற்றிய 4.2 வோல்ற்று மின்கலத்திலிருந்து 21 அம்பியரை இழுக்கும். அதைக் கலம் தாங்குமா என்பதை உறையில் கொள்ளளவாக அச்சிடப்படும் 9900 மில்லி அம்பியர் மணி என்ற பகட்டு எண் சொல்லாது. இவற்றில் பயன்படும் 18650 வகைக் கலம் (18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளை) 4000ஐ எட்டுவதே அரிது.

ரோச் லைற் திருத்தும் தொழில் செய்யும் நான், யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் வாங்கிய அத்தகைய கலமொன்றை 1 அம்பியர் சீரான மின்னோட்டத்தில் மின்னிறக்கியபோது, 52 நிமிடத்தில், ஏறத்தாழ வெறுமையான நிலையான 2.8 வோல்ற்றுக்கு வந்துவிட்டது. அதாவது அதன் உண்மையான கொள்ளளவு ஏறத்தாழ 870 மில்லி அம்பியர் மணிதான். கையில் எடுத்தபோதே சந்தேகம்தான்: நல்ல கலம் 45 கிராம் அளவில் இருக்கும், இதுவோ 31 கிராம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை கடைகளில் மாதிரிகளை எடுத்து, கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் உதவியுடன் மின்னிறக்கச் சோதனைக்கு உட்படுத்தி, தொடர்ந்து இழுக்கத்தக்க உச்ச அம்பியர் அளவு உறையில் சரியாகக் குறிக்கப்படாத கலங்களை விற்பனையிலிருந்து அகற்ற வேண்டும்.

மின்சாதனத் திருத்துநர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.