அண்ணிக்கு, ஒட்டாவாவிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடாம இருந்ததுக்கு நீங்க எவ்ளோ திட்டினாலும் தகும். போன்ல பேசுறப்ப அண்ணன் பக்கத்துல இருப்பார், அம்மா வாங்கிப் பேசுவாங்க, உங்க கைக்கு வரும்போது "சாப்டியா தம்பி"யோட முடிஞ்சிடும். மனசுல இவ்ளோ வெச்சிருக்கீங்கனு நாலு பக்கத்தையும் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. மகளிர் குழு கணக்கு நோட்டுல கிழிச்ச பேப்பர்தானே அது? மூணாவது பக்கத்து ஓரத்துல மஞ்சள் பட்ட விரல் ரேகை ஒண்ணு இருக்கு. அடுப்படில நின்னுக்கிட்டே எழுதிருக்கீங்க.

நான் நல்லா இருக்கேன். குளிர்தான், இன்னிக்கு காலைல மைனஸ் 24. ரைடோ கால்வாய் முழுசா உறைஞ்சு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டருக்கு ஜனங்க அதுமேலயே சறுக்கிட்டுப் போறாங்க, பை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறவங்க கூட இருக்காங்க. புளி கிடைக்குது, ரசம் வெச்சுக்கறேன், ஆனா நீங்க குடுத்துவிட்ட ரசப்பொடி டிசம்பரோட தீந்துடுச்சு, கடைப்பொடில அந்த வாசனை வரல. ரூம்ல கூட இருந்த பையன் டொரன்டோ போய்ட்டான், அதனால எனக்கு இப்ப தாராளமா இடம். ஷிப்ட்டும் வாரத்துல மூணு நாள்தான், நல்லா ரெஸ்ட் எடுக்கறேன், அம்மாகிட்ட சொல்லிடுங்க.

பக்கத்து வீட்டு பாட்டி பத்தி முன்னாடி சொல்லிருக்கேன்ல, பனி தள்ற ஷவலால விடியக்காலம் எங்க படிக்கட்டு கம்பிய தட்டி எழுப்புறவங்க. 80 தாண்டிடுச்சு, தனியாதான் இருக்காங்க. அவங்க வீட்ல மூணு பிஸ்கட் டின் நிறைய பேப்பர் கட்டிங் வெச்சிருக்காங்க அண்ணி, எல்லாமே இந்த நாட்டுப் பிரதமர்களோட மனைவிமாரைப் பத்தி. பிரதமர்களுக்குனு ஒரு டின் கூட இல்ல. பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிக்கறதைப் பத்தி உங்க லெட்டர்ல "நான் தலைவரானா அவர் என்ன ஆவார்னு தெரியல தம்பி"னு எழுதிருந்தீங்கல்ல, அது மனசுல ஓடிக்கிட்டே இருந்ததால அந்த டின்னைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அதுலயே போச்சு.

இங்க பிரதமரோட மனைவிக்கு பதவினு ஒண்ணும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஃபர்ஸ்ட் லேடினு டிவில சொல்றதோட சரி. நாட்டுத் தலைமை இங்கிலாந்து ராஜாவுக்கு, அவர் சார்பா கவர்னர் ஜெனரல், ஆட்சி நடத்துறது பிரதமர். ஆனா வெளிநாட்டுத் தலைவர் வந்தா கூட நிக்கணும், விழாவுக்குக் கூப்பிட்டா போகணும், சிரிக்கணும், பிள்ளைங்களையும் பாக்கணும். 2016-ல ஜஸ்டின் ட்ரூடோ மனைவி சோஃபி, எனக்கு வர்ற அழைப்புக்கும் கடிதத்துக்கும் ஒரு உதவியாளர் பத்தல, இன்னும் ஆள் வேணும்னு பேப்பர்ல சொல்லிட்டாங்க, ஊரே பிடிச்சுக்கிச்சு. எங்களுக்கெல்லாம் யார் ஆள் வெச்சாங்கனு பாட்டியும் அப்ப கோவப்பட்டாங்களாம். எனக்கு கேட்டதுல தப்பே தெரியல. வேலைனு எதிர்பாக்குறாங்க, அப்ப வேலைக்கு ஆள் கேட்டா ஏன் குத்தம்?

அதுக்கு முன்னாடி 1979-ல ஜோ கிளார்க் பிரதமரானப்ப அவர் மனைவி மொரீன் மெக்டீர் கல்யாணத்துக்கு அப்புறமும் தன் பேரையே வெச்சிருந்தாங்க, அதுக்கே அத்தனை பேச்சு. பின்னாடி வக்கீலா இருந்தாங்க, 1988-ல எம்பி எலெக்‌ஷன்ல அவங்களே நின்னு தோத்தாங்க. தோத்ததையும் பாட்டி பத்திரமா வெட்டி வெச்சிருக்காங்க. ஜஸ்டினோட அம்மா மார்கரெட் ட்ரூடோ பத்தின கட்டிங்தான் ரொம்ப நைந்து போயிருந்துச்சு. 22 வயசுல 51 வயசுக்காரரைக் கட்டிக்கிட்டு பிரதமர் வீட்டுக்கு வந்தவங்க, அந்த வீட்ல மூச்சு முட்டி, பின்னாடி தன் மனநோயைப் பத்தி வெளிப்படையா பேசினாங்க. அதைப் படிக்கறப்ப பாட்டி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

ஆனா நான் உங்களுக்குச் சொல்ல நினைச்சது இன்னொரு பிரதமரோட மனைவி அலின் கிரெட்டியான் பத்தி. 1995 நவம்பர்ல ஒருத்தன் கத்தியோட சசெக்ஸ் டிரைவ் 24-ம் நம்பர் வீட்டுக்குள்ள புகுந்துட்டான், அப்ப அதுதான் பிரதமர் குடியிருந்த வீடு. ராத்திரி நேரம், பிரதமர் தூங்கறார். சத்தம் கேட்டு எழுந்து வந்து பாத்தது அந்தம்மா. எதிர்ல நிக்கறான். அந்தம்மா பின்வாங்கி ரூம் கதவை அடிச்சுச் சாத்தி பூட்டிட்டு போலீஸுக்கு போன் போட்டாங்க. காவல்காரங்க மேல வர பல நிமிஷம் ஆச்சு, அதுவரைக்கும் பிரதமர் கையில ஒரு கல் சிற்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாராம். நாட்டுக்காரியம் அவரோடது, அதுல இந்தம்மா போய் கையெழுத்து போடல. ஆனா அன்னிக்கு ராத்திரி முழிச்சிருந்தது அவங்கதான். எனக்கு என்னமோ அண்ணன் இதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு தோணுது. கூட நிக்கறவங்க வேலை முழிச்சிருக்கறது, நாற்காலில உக்காறது இல்ல.

நீங்க எழுதிருக்கீங்க, "நம்ம ஊரு லேடீஸ் சீட்டு, நீ நில்லு, கையெழுத்து மட்டும் போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்"னு அண்ணன் சொல்றார்னு. அண்ணன் கெட்ட எண்ணத்துல சொல்லல, எனக்குத் தெரியும், ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஆனா நம்ம ஸ்டேட்ல 2016-ல சட்டம் மாத்தி பாதி இடத்தை பொம்பளைங்களுக்குக் குடுத்தது தலைவர் வீட்டுக்காரர்னு ஒரு புதுப் பதவி உண்டாக்கறதுக்கு இல்ல. ஜெர்மனில மெர்க்கல் 16 வருஷம் ஆட்சில இருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் யோவாகிம் சாவர் கெமிஸ்ட்ரி ப்ரொபசர். 2005-ல மனைவி பதவியேத்த அன்னிக்கு அவர் அங்க போகவே இல்ல. அவ்ளோ தூரம் விலகி நிக்கணும்னு நான் சொல்லல, அண்ணன் வரட்டும், பிடிஓ ஆபீஸுக்கு வண்டில கூட்டிட்டுப் போகட்டும், ஆனா உள்ள போய் பேசுறது நீங்களா இருக்கணும். ஒன்பது வருஷம் குழுக் கணக்கை ஒரு ரூபா பிசகாம எழுதினவங்க நீங்க. கிராம சபைல மைக்கைப் பிடிக்க உங்களுக்கு யார் வேணும்?

பொங்கல் அன்னிக்கு வீடியோல வாசல் கோலம் காட்டினீங்கல்ல, நான் சிரிச்சுக்கிட்டு வெச்சுட்டேன், அப்புறம் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன் அண்ணி. ஜன்னல் தரை மட்டத்துல இருக்கறதால வெளில வெறும் பனிதான் தெரியும். பால் பொங்குறப்ப நீங்க என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டீங்க. அது காதுலயே இருக்கு. வந்துடலாமானு தோணுச்சு.

சரி, காரியத்துக்கு வரேன். சீட்டுப் பணம் இந்த மாசம் கொஞ்சம் தள்ளிப் போகும், அடுத்த மாசம் ரெண்டையும் சேத்து அனுப்பிடறேன், அண்ணனை யார்கிட்டயும் கைமாத்து வாங்க வேணாம்னு சொல்லுங்க. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் கோடைக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, சொட்டு மருந்து பாப்பா பொறுப்பு. கிணத்து மேட்டு பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு, சித்தப்பா ஊர்ல இருக்கும்போதே வாரிசு சான்றிதழுக்கு எழுதிக் குடுத்துடுங்க, விட்டா அவர் திருப்பூர் போய்டுவார். எலெக்‌ஷன் தேதி இன்னும் வரல, அதுக்குள்ள வாக்காளர் பட்டியல்ல உங்க பேர்ல எழுத்துப்பிழை இருக்கானு நீங்களே போய்ப் பாருங்க, அண்ணனை அனுப்பாதீங்க.

இந்த லெட்டரை அண்ணனும் படிக்கட்டும். பாட்டி உங்க போட்டோ ஒண்ணு கேட்டாங்க, குழு மீட்டிங்ல எடுத்தது இருந்தா அனுப்புங்க.

உங்க தம்பி